தெரு இல்லாத வரைபடம்

1

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தேன். கனடாவில் நாங்கள் இருக்கும் இந்தச் சிறிய ஊரில் பள்ளிவாசல் என்பது, பழைய கார்பெட் கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்து உள்ளே பாய் விரித்த இடம். கமிட்டியில் இருக்கும் சோமாலியாக்காரர் ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் மரவேலை செய்கிறவன் என்பது அவருக்குத் தெரியும். குர்ஆன் வைத்து ஓதுவதற்குப் பத்துப் பலகைகள் அவருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன். என் ஊர்ப் பள்ளிவாசலுக்கு நான் ஒரு சந்தூக் செய்து கொடுத்த கதை எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. இங்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டார்.

சந்தூக் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இறந்தவரை வைத்து அடக்க இடத்துக்குத் தூக்கிப் போகும் மரப்பெட்டி அது. பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. உடலைக் கப்ரில் இறக்கிய பிறகு பெட்டி திரும்பி வந்துவிடும். பணக்காரருக்கும் ஏழைக்கும் அந்த ஒரு பெட்டிதான்.

பார்க்கலாம் என்று அவரிடம் சொன்னேன். ஒரு வாரம் ஓடிவிட்டது. கணினியில் அந்தக் கோப்பு அப்படியே இருக்கிறது. நீளத்தை மாற்றி ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், வெட்டும் மெஷின் வேலையைத் தொடங்கிவிடும். ஆனால் திறக்க மனம் வரவில்லை. ஏன் என்று ஊரில் இருப்பவர்களுக்காவது சொல்லிவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது முன்பே தெரியும். தெரியாமல் இருந்தவன் நான் ஒருவன்தான்.

2

பகலில் எனக்கு வேலை, கட்டடங்களுக்கு ஏர் கண்டிஷன் குழாய்கள் வரைவது. பதினொரு வருடமாக அதையே வரைகிறேன். கூரைக்கு மேலே மறைந்துபோகும் பொருள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கப் போவதில்லை. அதனால்தானோ என்னவோ, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையாவது செய்யவேண்டும் என்ற ஆசை வந்தது. யாரோ விற்ற பழைய வெட்டும் மெஷின் ஒன்றைக் கார் நிறுத்தும் கொட்டகையில் கொண்டுவந்து வைத்தேன். மாலையிலும் சனி ஞாயிறிலும் புத்தக அலமாரி, ஷூ ராக், சமையலறைக் கபோர்டு. எல்லாவற்றையும் முதலில் கணினியில் வரைவேன். பிறகு மெஷின் வெட்டும். நான் பூட்டிச் சேர்ப்பேன்.

இதற்கும் இந்த நாட்டில் காகிதம் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் கொடுத்தார். என்னைப் பார்த்தால் கையசைத்துச் சிரிப்பவர் அவர். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. கொட்டகையின் நீள அகலம், சுவரின் கனம், எந்தெந்த மணிக்கு மெஷின் ஓடும் என்று ஏழு பக்கம் நிரப்பிக் கொடுத்தேன். இரண்டாவது பக்கத்தில் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போனால் அங்கேயும் இதே கதை. படத்தில் தலையின் உயரம் இரண்டு மில்லிமீட்டர் கூடுதலாம். என் தலையை எதைக் கொண்டு இழைப்பது என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. வேறு படம் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

விளம்பரத்தில் 'டபுள் காட்' செய்து தரப்படும் என்று போட்டிருந்தேன். ஒரு மாதம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. என் மகள் ஷிஃபாதான் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். இந்த ஊரில் காட் என்றால் கூடாரத்துக்குள் மடக்கிப் போடும் நாடாக் கட்டிலாம். "இரண்டு பேர் படுக்கிற கேம்ப் கட்டில் யாருக்கு வேணும் அத்தா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அதில் 'அத்தா' மட்டும்தான் தமிழ். பதினாறு வயது. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பேசினால் தடுக்கும், எழுதிக் காட்டினால் ஒன்றும் தெரியாது. குறை அவளுடையது அல்ல. சொல்லிக் கொடுக்கவேண்டிய சனி ஞாயிறுகளில் நான் அலமாரி செய்துகொண்டிருந்தேன்.

3

திருச்சியில் எங்கள் வீடு மலைக்கோட்டைக்குக் கீழே, கடைவீதிக்குப் பின்னால் போகும் சந்துகளில் ஒன்றில் இருக்கிறது. என் அத்தா பெரிய கடைவீதியில் மொத்த ஜவுளிக் கடை ஒன்றில் நாற்பது வருடம் துணி அளந்து வெட்டியவர். வேலையை விட்டு வந்தபோது கடையில் கொடுத்த சால்வையை அண்ணனிடம் தந்துவிட்டார். தான் கையாண்ட மீட்டர் கம்பியை மட்டும் கேட்டு வாங்கி வந்தார். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. அளவையோ கணக்கையோ துணியில் குறிக்க நேர்ந்தால், வெட்டி எறியப் போகும் ஓரத்தில்தான் எழுதுவார். வாங்குகிறவர் வீட்டுக்கு நம் எழுத்து போகக்கூடாது என்பார்.

ஒருநாள் போனில் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். பள்ளிவாசலின் தேக்குச் சந்தூக் மிகவும் கனமாக இருக்கிறதாம். தூக்க ஆளில்லை. இளவட்டங்கள் எல்லாம் துபாயிலும் கத்தாரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். மிஞ்சியவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள்.

"மய்யித்துக்கு முன்னாடி தூக்குறவனே போய்ச் சேந்துருவான் போலருக்கு" என்று சிரித்தார்.

நான் செய்து தருகிறேன் என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். பதினைந்து வருடமாக ஊருக்குப் பணமும் சாக்லேட்டும் தவிர ஒன்றும் அனுப்பாதவனுக்கு இது பெரிய வாய்ப்பாகப் பட்டது. படத்தை இங்கே வரைந்து அனுப்பினால் திருச்சியிலேயே மெஷினில் வெட்டிவிடலாம். பழைய பெட்டியை அளந்து சொல்லுங்கள் என்று அத்தாவிடம் கேட்டேன். மீட்டர் கம்பியோடு பள்ளிவாசலுக்குப் போய் அளந்துவிட்டு வந்து போனில் வாசித்தார். உள்நீளம் ஆறரை அடி. அகலம் இரண்டடி. கைப்பிடி முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, ஒவ்வொன்றும் ஒரு சாண் நீட்டம்.

கைப்பிடி என்றதும் எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. இருபது வயதில் நானும் அந்தப் பெட்டிக்குத் தோள் கொடுத்திருக்கிறேன். குட்டைக் கைப்பிடியில் நாலு பேர் முட்டிக்கொண்டு நடக்கவேண்டும். பின்னால் வருகிறவர் நம் குதிகாலை மிதித்துக்கொண்டே வருவார். அந்தக் காலத்து ஆசாரிக்கு இது தோன்றவில்லையே என்று நினைத்தேன்.

"கைப்பிடியை நான் ஒன்றரை அடியா நீட்டிடுறேன் அத்தா. முன்னால நாலு பேரு, பின்னால நாலு பேரு தாராளமா நிக்கலாம். கனமே தெரியாது."

"எதுக்குப்பா சாதிக்? சின்னதாவே இருந்துட்டுப் போகட்டுமே."

"உங்களுக்கு இது புரியாது. படத்தைப் பாத்தா நீங்களே சொல்லுவீங்க."

புரியாது என்று சொன்னேன். அந்தச் சொல் இன்றும் என் வாயில் கசக்கிறது.

நான் வரையும் திரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அதில் தரை கிடையாது, சுவர் கிடையாது. சாம்பல் நிறத்தில் வெறும் வெளி. நடுவில் பொருள் தொங்கும். மவுஸை அசைத்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும், எதிலும் இடிக்காது. மூன்று வாரம் அந்தச் சந்தூக்கை அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டத்துக்கு மட்டும் தேக்கு, பக்கங்களுக்குப் பிளைவுட். பழையதில் பாதிக் கனம்கூட வராது. இவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் வரைந்ததில்லை.

4

வெட்டுவதற்கு அரியமங்கலம் பக்கம் ஒரு பட்டறையை அண்ணன் ரஃபீக் பிடித்துக் கொடுத்தார். நடத்துகிறவர் ரங்கராஜன் என்று ஸ்ரீரங்கத்துக்காரர். சென்னையில் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, சங்கு சக்கரம் போட்ட பூஜையறைக் கதவுகளை மெஷினில் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஜனாஸாப் பெட்டி என்றதும் தயங்குவாரோ என்று பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. படம் கிடைத்த மறுநாளே கூப்பிட்டார்.

"சார், எல்லாம் ஜோரா இருக்கு. கைப்பிடி மட்டும் ரொம்ப நீளமோன்னு தோணறது. ஒரு தடவை பாத்துடுங்கோ."

"வேணும்னுதான் நீட்டிருக்கேன் சார். தூக்குறவங்களுக்கு வசதி."

"எங்க ஊர்லயும் பெருமாள் புறப்பாட்டுக்குத் தண்டு நீளம்தான். ஆனா எங்க வீதியெல்லாம் அகலம். உங்க தெரு எப்படி சார்?"

"அதெல்லாம் போதும் சார். டிராயிங்ல இருக்கறபடி போடுங்க."

அவர் மேற்கொண்டு பேசவில்லை. பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்கமாட்டேன். வெளிநாட்டில் இருந்து பேசுகிறவனுக்கு ஒரு குரல் வந்துவிடும். அந்தக் குரலில்தான் பதில் சொன்னேன்.

சந்தூக் முடிந்து பள்ளிவாசலுக்குப் போனது. வெள்ளிக்கிழமை எனக்காக துஆ ஓதினார்கள் என்று அத்தா சொன்னார். "பூ மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்கப்பா." அடுத்த இரண்டு வருடத்தில் தெருவில் நாலு பேர் மவுத்தானார்கள். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன். ஒவ்வொரு தடவையும் பூ மாதிரி இருக்கு என்றே சொன்னார். அதைக் கேட்டுப் போனை வைத்துவிட்டு அன்றைக்கெல்லாம் நான் நிமிர்ந்து நடப்பேன்.

ஊருக்கு எப்போது வருகிறாய் என்றும் கேட்பார். பாஸ்போர்ட் போயிருக்கிறது, நகராட்சிப் பர்மிட் வரவேண்டும், ஷிஃபாவுக்குப் பரீட்சை என்று ஏதாவது சொல்வேன். அத்தனையும் உண்மைதான். அப்படியே, நான் கடைசியாக ஊருக்குப் போய் நாலு வருடமாகிவிட்டது.

5

அத்தா இறந்தது ஒரு புதன்கிழமை. விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை. எங்களில் அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு என்று முடிவாகிவிட்டது. எந்த விமானத்தைப் பிடித்தாலும் நான் போய்ச் சேர முடியாது. வெளியூரில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு இது புதிதல்ல, போனில்தான் வழியனுப்புவோம். ஆனால் எனக்கு மட்டும் ஓர் ஆறுதல் இருந்தது. மகனின் தோள் கிடைக்காவிட்டாலும் மகன் செய்த பெட்டியில் போகிறார். உண்மையைச் சொன்னால், அழுகைக்கு நடுவே எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இங்கே காலை ஏழு மணி. ஷிஃபா பள்ளிக்கூடப் பையை மாட்டியபடி சமையலறையில் என் தோளுக்குப் பின்னால் நின்றாள். மச்சான் ஒருவர் வீடியோவில் காட்டிக்கொண்டு நடந்தார். கலிமா சொல்லும் சத்தம். பச்சைத் துணி போர்த்திய என் சந்தூக். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர், நான் வரைந்தபடியே தாராளமாக நின்றார்கள். அண்ணன் முன் வரிசையில் இருந்தார்.

வீட்டிலிருந்து இருபது தப்படியில் சந்து வலது பக்கம் திரும்பும். இரண்டு பக்கமும் வாசற்படிகள் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே நாலரை அடிதான் வழி. பெட்டி அங்கே போய் நின்றது. கலிமா தேய்ந்தது. யாரோ "பின்னால இறக்கு, இறக்கு" என்றார். "முன்னால நல்லா ஏத்து. இன்னும், இன்னும்." போன் ஆடியது. மறுபடி தெரிந்தபோது என் சந்தூக் செங்குத்தாக நின்றுகொண்டிருந்தது. பச்சைத் துணி நழுவிக் கீழே விழுந்தது. அப்படியே நிறுத்திவைத்துத் திருப்பினார்கள்.

"தாத்தா ஏன் நிக்கிறாங்க?" என்று ஷிஃபா கேட்டாள்.

அவ்வளவு சுத்தமாக அவள் தமிழ் பேசி நான் கேட்டதில்லை. அந்த மூலையில் கோலி ஆடியிருக்கிறேன், சைக்கிளை இடித்திருக்கிறேன், பீரோ ஒன்று அந்த மூலை திரும்பாமல் மொட்டைமாடி வழியாகக் கயிறு கட்டி இறக்கியதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு ஏன் குட்டைக் கைப்பிடி என்பது அன்றுதான், அந்தப் போனில்தான், எனக்கு உறைத்தது. குதிகாலில் மிதிபட்டது ஞாபகம் இருந்தது. தெரு மறந்துபோயிருந்தது.

6

இரண்டு நாள் கழித்து அண்ணனிடம் கேட்டேன்.

"அண்ணே, அங்க திரும்பாதுன்னு முன்னாடியே தெரியுமா?"

"மொதத் தடவையே தெரியும்டா. அப்பவும் இப்படித்தான் தூக்கி நிறுத்தித் திருப்பினோம். நாலு தடவையும் அப்படித்தான்."

"ஏன் யாரும் சொல்லல?"

"எப்படிடா சொல்றது? ஆசையா செஞ்சு அனுப்பிருக்கே. ஜமாத்துல ஒருத்தர் பழசையே எடுக்கலாம்னாரு. அத்தா முகம் சுருங்கிப்போச்சு. அதுக்கப்புறம் யாரும் வாயத் தொறக்கல."

"உள்ள சறுக்காதா?"

"அதுக்குத்தான் உள்ள துணிப்பட்டை தைச்சுப் போட்டிருக்கோம். நெஞ்சுக்கு ஒண்ணு, முழங்காலுக்கு ஒண்ணு. அத்தாதான் தைச்சாங்க."

போனை வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். என் தப்பை மறைக்க அத்தா பட்டை தைத்திருக்கிறார். கடைசியில் அந்தப் பட்டையால் கட்டி அவரையே நிறுத்தியிருக்கிறார்கள். நான் பாட்டுக்கு இங்கே நிமிர்ந்து நடந்துகொண்டிருந்திருக்கிறேன். என் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அன்று மெஷினை உடைத்திருப்பேன். உடைத்தால் அதற்கும் ஒரு படிவம் நிரப்பவேண்டும்.

ஊர்க்காரர்கள் மேலும் கோபம் வந்தது, மறைப்பானேன்? நாம் அனுப்புவது பொருந்தவில்லை என்று ஒருவரும் சொல்வதில்லை. சின்னதாகிப்போன சட்டையையும் போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து அனுப்புகிறார்கள். நாம் அதைப் பார்த்துவிட்டு அடுத்த தடவையும் அதே அளவில் வாங்குகிறோம். வீட்டு ஆளாக இருந்தால் மூஞ்சிக்கு நேரே சொல்லியிருப்பார்கள். என்னை எப்போதோ விருந்தாளியாக்கிவிட்டார்கள்.

7

நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குப் போனேன். அத்தா உயிரோடு இருந்தவரை வராத பாஸ்போர்ட் அதற்குள் வந்துவிட்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து வந்து, சந்து முனையில் ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தேன். அந்த மூலைக்கு வந்ததும் பயணப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பக்கச் சுவரையும் கைகளால் தொட்டுப் பார்த்தேன். தொட்டுவிட முடிந்தது. எதிர்வீட்டுப் பெண்மணி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி. பயணமெல்லாம் சௌகரியமா?" என்றார். மூலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அண்ணனோடு பள்ளிவாசலின் பக்க அறைக்குப் போனேன். புதிய சந்தூக் முக்காலிகள் மேல் இருந்தது. பழையது சுவரோரம் சாத்தியிருந்தது. அண்ணனிடம் ஒரு ரம்பம் கேட்டிருந்தேன். அதைக் கொடுத்துவிட்டுத் தயங்கினார்.

"நான் அப்பவே வெட்டிடுறேன்னு ரம்பத்த எடுத்தேன்டா. அத்தா விடல. கீழ குனிஞ்சு பாரு."

குனிந்து பார்த்தேன். நாலு கைப்பிடிக்கும் அடியில், பெட்டியிலிருந்து ஒரு சாண் தள்ளி, பென்சில் கோடு. நாலும் ஒரே அளவு. மீட்டர் கம்பியை வைத்து இழுத்த கோடு. முதல் கைப்பிடியில் கோட்டுக்கு அந்தப் பக்கம், வெட்டினால் விழப்போகும் பாகத்தில், அத்தாவின் கையெழுத்து சின்னதாக இருந்தது.

'சாதிக் வந்ததும்.'

அண்ணன் வெளியே போய்விட்டார். நான் தரையில் உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன். பிறகு எழுந்து நாலையும் வெட்டினேன். கணினியும் இல்லை, மெஷினும் இல்லை, அத்தா போட்ட கோடு மட்டும் இருந்தது. ஒரு மணி நேர வேலை. இரண்டு வருடத்தில் என்றைக்கு வந்திருந்தாலும் ஒரு மணி நேர வேலைதான்.

8

எழுத்து இருந்த துண்டை மட்டும் எடுத்து வந்தேன். கனடா விமான நிலையத்தில் மரப்பொருள் ஏதும் இருக்கிறதா என்று படிவம் கேட்கிறது. ஆம் என்று குறித்தேன். அதிகாரி துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு உபயோகப்படும் என்று கேட்டார். ஒன்றுக்கும் இல்லை என்றேன். இழைத்துப் பாலிஷ் போட்ட மரம்தான் என்பதால் விட்டுவிட்டார்.

இப்போது அது என் மேஜை மேல், கணினித் திரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சோமாலியாக்காரருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நேற்று மாலை அந்தக் கோப்பைத் திறக்க உட்கார்ந்தேன். ஷிஃபா சார்ஜர் தேடி வந்தவள் அந்தத் துண்டைக் கையில் எடுத்தாள். பென்சில் எழுத்தை விரலால் தடவினாள்.

"என்ன எழுதிருக்கு அத்தா?"

"தாத்தா எழுதினது. 'சாதிக் வந்ததும்'னு இருக்கு."

"வந்ததும் என்ன?"

"வந்ததும் வெட்டணும்னு அர்த்தம்."

அவள் கொஞ்சம் யோசித்தாள். வார்த்தைகளைத் தேடிச் சேர்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"நீங்க போறவரைக்கும் தாத்தா வெயிட் பண்ணாங்களா?"

"பண்ணாங்க" என்றேன்.

துண்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, சார்ஜரை எடுத்துக்கொண்டு போனாள். திரையில் சந்தூக் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையை அணைத்துவிட்டு, இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு அந்தக் கார்பெட் கடைப் பள்ளிவாசலின் வாசற்கதவை அளக்கக் கிளம்பினேன்.